ஓல்டிங்கின் நூற்றுப்பதினேழாம் பக்கம்

மடுத்தீன் என்று அவனுக்கு ஒரு பெயர் இருப்பது அவனுடைய விசா அட்டைக்கும் மனைவிக்கும் மட்டும்தான் நினைவிருந்தது. மனைவியும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவள் இல்லை. பாரிசின் லா சப்பலில் மற்ற எல்லோருக்கும் அவன் ‘ஓம்சுவாமி’. ரூ லூயி-பிளாங் தெருப் பக்கம் மரக்கறி வாங்கப் போனால் கடைக்குள்ளிருந்து யாராவது ஒருவன், “ஓம்சுவாமி வாறார், வழி விடுங்கோடா” என்பான். முருங்கைக்காயை முறித்துப் பார்த்துக்கொண்டு நிற்பவர்கள் எல்லோரும் சிரிப்பார்கள். அதில் பாதிப் பேர் வேறு ஊர்க்காரர்கள், பெயரின் காரணமே தெரியாதவர்கள். ஆனாலும் சிரிப்பார்கள். இலவசமாகச் சிரிக்க ஒரு ஆள் கிடைத்தால் யார்தான் விடுவார்கள்?

காரணம் இதுதான். எழுபத்துநாலாம் ஆண்டு ஆவணி மாதம், யாழ்ப்பாணக் கரையோரத்தில் அவர்களுடைய ஊருக்கும் பக்கத்து ஊருக்கும் உதைபந்தாட்ட இறுதிப் போட்டி. இரண்டு ஊரும் ஒரே கோயிலில் பூசை கண்டன, ஒரே கடலில் வலை போட்டன. பந்து என்று வந்துவிட்டால் மட்டும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்கமாட்டார்கள். நடுவராக யாரைப் போட்டாலும் மற்ற ஊர் ஒத்துக்கொள்ளாது. கடைசியில் இரண்டு ஊருக்கும் பொதுவாக இருந்த ஒரே மனிதர், பங்குச் சுவாமியார், அங்கியை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு விசிலோடு இறங்கினார்.

ஆட்டம் முடிய ஐந்து நிமிடம் இருந்தது. மடுத்தீனின் ஊர் ஒரு கோல் முன்னால். அவன் பின்வரிசையின் நடுவில் நிற்கிறவன். பக்கத்து ஊரான் அடித்த பந்து கோல்காப்பாளனைத் தாண்டிவிட்டது. கோட்டில் நின்ற மடுத்தீனின் இடது முழங்கைக்குக் கீழே அது பட்டு வெளியே போனது. சுவாமியார் தூரத்தில் நின்றார், புழுதி வேறு. ஒன்றும் தெரியவில்லை. பக்கத்து ஊர் முழுவதும் மைதானத்துக்குள் இறங்கிவிட்டது. சுவாமியார் நேரே மடுத்தீனிடம் வந்தார்.

“மடுத்தீன், கையிலை பட்டதோ?”

சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை அதே ஆளிடம் முழந்தாளிட்டுப் பாவசங்கீர்த்தனம் செய்கிறவன் அவன். வேறு எந்த நடுவர் கேட்டிருந்தாலும் என்ன சொல்லியிருப்பான் என்று அவனுக்கே தெரியாது. “ஓம் சுவாமி” என்றான்.

பெனால்டி. கோலுக்குள் நின்றவன் அணித் தலைவன் கிறிஸ்தோப்பர், மடுத்தீனின் உயிர்த் தோழன். அவன் வலப்பக்கம் பாய்ந்தான், பந்து இடப்பக்கம் போனது. மேலதிக நேரத்தில் இன்னொரு கோல் விழுந்தது. கிண்ணம் பக்கத்து ஊருக்குப் போனது, போனதுதான். அடுத்த வருடம் மழை, அதற்கடுத்த வருடம் இரண்டு ஊருக்கும் அடிதடி. பிறகு சண்டை வந்தது, அந்த மைதானத்தில் இராணுவம் கூடாரம் அடித்தது. அதனால் அந்த ஊர் தோற்ற கடைசி இறுதிப் போட்டி அதுவாகவே நின்றுவிட்டது. தோற்கடித்தவன் பக்கத்து ஊரான் இல்லை, மடுத்தீன் என்பதில் ஊருக்குள் இரண்டு கருத்து இருக்கவில்லை.

இதில் கொடுமை என்னவென்றால், கிறிஸ்தோப்பரின் ஒரே தங்கை ஞானமலரை மடுத்தீனுக்குப் பேசி முடித்திருந்தார்கள். போட்டி நடந்த அன்று இரவே கிறிஸ்தோப்பர் அந்தப் பேச்சை முறித்தான். ஞானமலர் தமையன் பேச்சைக் கேட்கவில்லை. இரண்டு வருடம் பிடிவாதமாக நின்று மடுத்தீனையே கட்டினாள். கல்யாணத்துக்குக் கிறிஸ்தோப்பர் வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை. எல்லோரும் பாரிசுக்கு ஓடிவந்து, இரண்டு வீடுகளுக்கும் நடுவே ஐந்து நிமிட நடைதான் என்று ஆன பிறகும் அவன் அந்த வாசற்படியை மிதிக்கவில்லை. தெருவில் எதிரே வந்தால் தங்கையைப் பார்த்துத் தலையசைப்பான். மடுத்தீனுக்கு அதுவும் இல்லை.

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம் கழித்து, எண்பத்தெட்டாம் ஆண்டு மாசியில், அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. ஞானமலருக்கு ஒரே ஆசை. புரட்டாதியில் ஞானஸ்நானம் கொடுக்கும்போது தமையன்தான் ஞானத்தகப்பனாக நின்று பிள்ளையைக் கையில் ஏந்தவேண்டும். வேறு யாரையும் அவள் மனதால்கூட நினைக்கவில்லை. “அண்ணை வந்தால் எல்லாம் சரிவரும்” என்று குழந்தைக்குப் பால் கொடுக்கும்போதெல்லாம் சொல்வாள். அதற்கு மடுத்தீனிடம் ஒரு திட்டம் இருந்தது, ஆனால் அது இன்னும் அச்சில் இருந்தது.

பாரிசை ஒட்டிய ஒபர்வில்லியேயில் ஒரு சப்பாத்துக் களஞ்சியத்தில் மடுத்தீனுக்கு வேலை. அங்கே அவனுக்கு மேலாளாக இருந்தவர் டெரிக் ஓல்டிங் என்ற ஆங்கிலேயர். வயது நாற்பத்தெட்டு. ஆறடி இரண்டு அங்குல உயரம், இரண்டு தரம் உடைந்த மூக்கு, நடக்கும்போது வலது முழங்கால் ஒரு சத்தம் போடும். பதினைந்து வயதில் பள்ளியை விட்டுவிட்டு, வட இங்கிலாந்தில் ஒரு பஞ்சாலை நகரத்துக் கழகத்தில் பெரியவர்களுடைய பூட்ஸ் துடைக்கப் போனவர். பதினெட்டு வயதில் அதே பூட்ஸ் போட்டவர்களோடு பின்வரிசையில் நின்றார். பதினாறு பருவங்கள், நானூற்றுப் பன்னிரண்டு ஆட்டங்கள், மூன்று கோல்கள். ஒன்பது தடவை நடுவர் வெளியே அனுப்பினார். முதல் பிரிவில் ஒரே ஒரு பருவம், அதில் அவருடைய கழகம் கடைசி இடத்தில் வந்து கீழே இறங்கியது. பத்திரிகைக்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் ‘கசாப்புக்காரன்’.

முழங்கால் போன பிறகு வட பிரான்சில் இரண்டாம் பிரிவுக் கழகமொன்று ஒரு வருடத்துக்கு அவரைக் கூப்பிட்டது. அந்தக் கழகத்துக் கந்தோரில் வேலை செய்த மர்கரீத்தைக் கட்டிக்கொண்டு பிரான்சிலேயே தங்கிவிட்டார். அவளுடைய தமையன்தான் களஞ்சியத்தில் வேலை எடுத்துக் கொடுத்தவன். பதின்மூன்று வருடமாகியும் ஓல்டிங்குக்குப் பிரெஞ்சில் வணக்கமும் வசவும்தான் வரும். களஞ்சியத்தில் ஆங்கிலம் பேசத் தெரிந்த ஒரே ஆள் மடுத்தீன். ஊரில் கூட்டுறவுச் சங்கத்தில் எழுதுவினைஞனாக இருந்தவன், பாதிரிமாரின் பள்ளியில் படித்தவன், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும்.

அந்தக் கையெழுத்தைப் பார்த்துத்தான் ஓல்டிங் ஒருநாள் கேட்டார். அவருடைய ஊரில் பழைய ஆட்டக்காரர்களின் கதையைச் சின்னப் புத்தகமாகப் போடுகிற ஒரு அச்சகம் இருக்கிறதாம். கதை அவரிடம் உண்டு, எழுதத்தான் வராது. மடுத்தீன் எழுதித் தருவானா?

இரண்டு குளிர்காலம் எழுதினார்கள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் சப்பாத்துப் பெட்டிகளை அடுக்கி மேசையாக்கி, ஒருவர் சொல்ல மற்றவன் கட்டம் போட்ட கொப்பியில் எழுதினான். ஓல்டிங் தன் வாழ்க்கையை மழை பெய்தது, வெயில் எறித்தது என்கிற மாதிரிச் சொல்லிக்கொண்டு போவார். அறுபத்தேழாம் ஆண்டு இருபத்திரண்டு வயது முன்வரிசைக்காரன் ஒருவனின் காலை முறித்ததையும் அப்படித்தான் சொன்னார்.

“பந்து வந்தது, அவனும் வந்தான். எது முதலில் வந்ததோ அதை உதைத்தேன்.”

“பிறகு அவன் விளையாடினானா?” என்று மடுத்தீன் கேட்டான்.

“இல்லை.”

“ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தீர்களா?”

“அடுத்த சனிக்கிழமை எனக்கு ஆட்டம் இருந்தது” என்றார் ஓல்டிங். “அதை எழுதாதே.”

மடுத்தீன் எழுதவில்லை. ஆனால் அன்று பேனாவை மூடிய பிறகும் அவனுக்கு மனது சரியாக இல்லை. இந்த மனிதனின் நானூற்றுப் பன்னிரண்டு ஆட்டங்களிலும் ஒருவனைக் கைகொடுத்துத் தூக்கிவிட்டதாக ஒரு வரி வருமா என்று பார்த்துப் பார்த்து எழுதினான், வரவில்லை.

இரண்டாம் குளிர்காலத்தின் முடிவில், சொல்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை என்று ஆன ஒருநாள், ஓல்டிங் கோப்பியைக் குடித்துக்கொண்டே கேட்டார். அவர் வாயில் மடுத்தீன் எப்போதும் மார்ட்டின்தான். “நீயும் பின்வரிசைதானே, மார்ட்டின்? உன்னால் மறக்கமுடியாத ஆட்டம் எது?”

பதினான்கு வருடத்தில் அப்படி ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை. மடுத்தீன் கொட்டித் தீர்த்துவிட்டான். கடற்கரை மணல், புழுதி, அங்கியைச் செருகிய சுவாமியார், பந்து பட்ட இடம், சொன்ன சொல், பாய்ந்து விழுந்த தோழன், அதற்குப் பிறகு வந்த பெயர். ஓல்டிங் சிரிக்கவில்லை. கோப்பிக் குவளையைக் கீழே வைத்துவிட்டு, “நானாக இருந்தால் இல்லை என்று சொல்லியிருப்பேன்” என்றார். பிறகு, “எழுது. இதையும் எழுது. என் புத்தகத்தில் உன் பெயரோடு ஒரு பக்கம் வரட்டும்” என்றார்.

மடுத்தீன் அன்று வேலை முடிந்து மெட்ரோவில் இருந்தே எழுதினான். ஒன்றரைப் பக்கம். ‘இலங்கையில் ஒரு பின்வரிசைக்காரன்’ என்று தலைப்பு. அதில் ஒரு வசனம் அவனுக்கே பிடித்துப்போனது: பந்து பட்ட இடம் அன்றிரவு மட்டும் சுட்டது, பொய் சொல்லியிருந்தால் இன்றைக்கும் சுட்டுக்கொண்டிருக்கும். எழுதியதை ஓல்டிங்கிடம் கொடுத்தபோது அவர் இரண்டு தடவை வாசித்தார். வாசித்துவிட்டுத் தன் பெரிய கையை அவன் தோளில் வைத்தார்.

ஞானமலரிடம் சொன்னபோது அவள் எழும்பி உட்கார்ந்துவிட்டாள்.

“உங்கடை பேரோடையோ? இங்கிலிஸ் புத்தகத்திலையோ?”

“ஓம். அந்தாள்தான் போடச் சொன்னவர்.”

“அப்பிடியெண்டால் நீங்கள் செய்தது சரியெண்டு அண்ணை நம்புவார்” என்றாள். “நாங்கள் சொன்னால் கேக்கமாட்டார். வெள்ளைக்காரன் அச்சடிச்சுச் சொன்னால் கேப்பார்.”

அவள் சொன்னதில் பிழையில்லை. கிறிஸ்தோப்பர் அப்படிப்பட்டவன். ஆகவே திட்டம் உருவானது. யூலை மாதம் பொபினி மைதானத்தில் ஊர்க் கழகங்களுக்கிடையே சுற்றுப்போட்டி. விளையாட்டுச் சங்கச் செயலாளர் சூசைநாதன் பிரதம விருந்தினருக்கு ஆள் கிடைக்காமல் அலைந்துகொண்டிருந்தான். மடுத்தீன் போய், இங்கிலாந்தில் பதினாறு வருடம் விளையாடிய ஒருவரைக் கூட்டிவருகிறேன் என்றான். சூசைநாதனின் முகம் அப்படியே மாறிவிட்டது.

“உண்மையாவோ, மடுத்தீன் அண்ணை?” என்றான்.

மடுத்தீன் அண்ணை! அந்த இரண்டு சொல்லையும் கேட்டு எத்தனை வருடமாயிற்று. ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குச் சொல்லுகிற பொறுப்பையும் சூசைநாதன் அவனிடமே கொடுத்தான். விழா மேடையில், ஊர் முழுவதும் பார்க்க, ஓல்டிங் அந்தப் பக்கத்தை வாசிப்பார். மடுத்தீன் தமிழில் சொல்லுவான். கிறிஸ்தோப்பர் முன்வரிசையில் இருப்பான். இதற்கு மேல் என்ன வேண்டும் என்று புருஷனும் பெண்சாதியும் நினைத்தார்கள், பாவங்கள்.

சுற்றுப்போட்டிக்கு நான்கு நாள் முன்பு புத்தகம் வந்தது. ஓல்டிங் களஞ்சியத்துக்கு ஒரு பிரதி கொண்டுவந்து மடுத்தீனின் கையில் தந்துவிட்டு, லொறி ஒன்று வந்திருக்கிறது என்று அவசரமாகப் போய்விட்டார். மடுத்தீன் சப்பாத்துப் பெட்டிகளுக்கு நடுவே குந்தியிருந்து தன் பெயரைத் தேடினான். முன்பக்கத்தில் இருந்தது: ‘அழகான கையெழுத்துக்காக என் நண்பர் மார்ட்டினுக்கு நன்றி.’ மகிழ்ச்சியோடு பக்கத்தைப் புரட்டிக்கொண்டு போனான். நூற்றுப்பதினேழாம் பக்கத்தில் அவனுடைய கதை இருந்தது.

ஆனால் அது அவனுடைய கதையாக இருக்கவில்லை. வருடம் அறுபத்தைந்து என்று இருந்தது. கடற்கரை மணலுக்குப் பதில் சேறு. அங்கி போட்ட சுவாமியாருக்குப் பதில் வழுக்கைத் தலை நடுவர். “கையில் பட்டதா, டெரிக்?” என்று அவர் கேட்கிறார். “ஆம், ஐயா” என்கிறார் ஓல்டிங். கிண்ணம் கைவிட்டுப் போகிறது. கடைசியில் ஒரு எழுத்துக்கூட மாறாமல் அந்த வசனம்: பந்து பட்ட இடம் அன்றிரவு மட்டும் சுட்டது, பொய் சொல்லியிருந்தால் இன்றைக்கும் சுட்டுக்கொண்டிருக்கும்.

மடுத்தீனுக்கு முதலில் கோபம் வரவில்லை. தான் ஏதோ பிழையாக வாசிக்கிறோம் என்று நினைத்து மறுபடி வாசித்தான். பிறகு வந்தது பாருங்கள், அப்படி ஒரு கோபம் அவனுக்கு வாழ்நாளில் வந்ததில்லை. லொறியடிக்குப் போய், நான்கு பேர் பார்த்துக்கொண்டிருக்க, புத்தகத்தை ஓல்டிங்கின் நெஞ்சில் குத்தினான்.

“இது என்ன?”

ஓல்டிங் அவனைப் பார்க்கவில்லை. லொறியின் சில்லைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “அச்சகத்துக்காரன் கேட்டான், மார்ட்டின். எல்லாம் உதைத்ததும் முறித்ததுமாக இருக்கிறதே, உன்னைப் பற்றி நல்லதாக ஒன்றாவது இல்லையா என்று. இலங்கைக்காரன் ஒருவனின் கதை எங்கள் ஊரில் யாருக்கு வேண்டும் என்றான். நான் மூன்று நாள் யோசித்தேன். பதினாறு வருடத்தையும் ஒன்றொன்றாக எடுத்துப் பார்த்தேன். என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை.”

“இல்லையென்றால் என்னுடையதை எடுப்பதா? எனக்கும் அது ஒன்றுதான் இருந்தது!”

ஓல்டிங்கின் முகம் சிவந்துபோனது. அந்தப் பெரிய உருவம் பள்ளிக்கூடப் பையன்போலத் தலைகுனிந்து நின்றது. “ஞாயிற்றுக்கிழமை சரிசெய்கிறேன்” என்றார். “உன் ஆட்கள் எல்லோருக்கும் முன்னால், என் வாயாலேயே, அது நீ என்று சொல்லுகிறேன். கைகொடு.”

மடுத்தீன் கைகொடுத்தான். கொடுத்திருக்கக்கூடாது என்று இப்போது சொல்வது சுலபம். ஆனால் அவனுக்கு வேறு வழியும் இருக்கவில்லை, விழா அறிவித்தாகிவிட்டது, ஞானமலர் சேலைக்கு இஸ்திரி போட்டு வைத்துவிட்டாள். வீட்டுக்குப் போய் அவளிடம் புத்தகத்தைக் காட்டவில்லை. மேடையில் ஒரு ஆச்சரியம் இருக்கிறது என்று மட்டும் சொன்னான்.

ஞாயிற்றுக்கிழமை பொபினி மைதானத்தில் நல்ல வெயில். பத்து ஊர்க் கழகங்கள், ஐந்நூறு அறுநூறு சனம். பொரித்த ரோல்ஸ் வாசமும் ஒலிபெருக்கியின் கீச்சும் ஒன்றாகக் கலந்து கிடந்தன. ஞானமலர் நீலச் சேலை கட்டி, குழந்தையின் தள்ளுவண்டியோடு மரநிழலில் நின்றாள். மடுத்தீனின் ஊர் அணிக்குப் பொறுப்பாளன் கிறிஸ்தோப்பர்தான், அவன் முன்வரிசையில் கைகட்டி உட்கார்ந்திருந்தான். அவனுக்கு இரண்டு கதிரை தள்ளி மர்கரீத், மடியில் புருஷனின் புத்தகம்.

சூசைநாதன் ஓல்டிங்கைப் பற்றி அரைமணி நேரம் புகழ்ந்தான். நானூற்றுப் பன்னிரண்டு ஆட்டம் நாலாயிரம் ஆகிவிட்டது, அதை யாரும் கேட்கவில்லை. பிறகு ஓல்டிங் எழும்பினார். மடுத்தீன் பக்கத்தில் இன்னொரு மைக்கோடு நின்றான்.

இங்கே வந்தது சந்தோஷம் என்றார். மடுத்தீன் தமிழில் சொன்னான். எல்லோரும் கைதட்டினார்கள். “நான் உங்களுக்கு ஒரு கதை சொல்லவேண்டும்” என்றார் ஓல்டிங். “ஒரு பின்வரிசைக்காரனின் கதை.” மடுத்தீன் மைக்கை வாயருகே கொண்டுபோனான். “ஒரு கதை சொல்லப்போறாராம். ஒரு பெக் விளையாடின ஆளின்ரை கதையாம்” என்று சொல்லிவிட்டு மரநிழலைப் பார்த்தான். ஞானமலர் இரண்டு கையையும் நெஞ்சில் வைத்துக்கொண்டு நின்றாள்.

“அது ஒரு இறுதிப் போட்டி. முடிய ஐந்து நிமிடம் இருந்தது. பந்து கோலுக்குள் போகப் பார்த்தது.” சொல்லிக்கொண்டு வந்தவர் நின்றார். அவருடைய கண் மர்கரீத்திடம் போனது. அவள் புத்தகத்தை அந்தப் பக்கத்தில் விரல் வைத்து மூடியபடி, புருஷனை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஓல்டிங் தொண்டையைச் செருமினார்.

“அது என் கையில் பட்டது” என்றார்.

மடுத்தீன் மைக்கைப் பிடித்தபடி ஓல்டிங்கைத் திரும்பிப் பார்த்தான். ஒலிபெருக்கி மட்டும் கீச்சிட்டது.

“சொல்லுங்கோ அண்ணை” என்று சூசைநாதன் பின்னாலிருந்து முதுகில் தட்டினான். “என்ன சொல்லுறார்?”

என்ன சொல்லுறார்! மைக் கையில் இருக்கிறது, ஊர் முன்னால் இருக்கிறது. இவன் கள்ளன் என்று சொன்னால் முடிந்தது. ஆனால் இன்னொருவர் சொன்னதைத் தமிழில் சொல்லத்தான் அவனை அங்கே நிறுத்தியிருந்தார்கள். அதில் ஒரு சொல் கூட்டவோ குறைக்கவோ அவனுக்குத் தெரியவில்லை. அவன் அப்படிப்பட்ட மடையன்.

“பந்து தன்ரை கையிலை பட்டதாம்” என்றான். பிறகு ஓல்டிங் சொல்லச் சொல்லச் சொன்னான். நடுவர் வந்தாராம். கையில் பட்டதோ என்று கேட்டாராம். ஓம் ஐயா என்று தான் சொன்னாராம். கிண்ணம் போனதாம். பட்ட இடம் அன்றிரவு மட்டும் சுட்டதாம், பொய் சொல்லியிருந்தால் இன்றைக்கும் சுடுமாம். தன்னுடைய வசனத்தைத் தன்னுடைய மொழியில் அவன் முதன்முதலாகச் சொன்னது அப்படித்தான்.

“எங்கடை ஓம்சுவாமி மாதிரியெல்லே?” என்று பின்னால் ஒருவன் சிரித்தான்.

“விசர்க்கதை கதையாதை” என்று அவனை அடக்கினார் ஊரின் பழைய ஆள் ஒருவர். “அவர் எவ்வளவு பெரிய மனிசன். இங்கிலாந்திலை நிண்டு அப்பிடிச் சொல்லுறதெண்டால் அதுக்கு ஒரு நெஞ்சு வேணும். எங்கடை ஆக்கள் செய்வாங்களே?”

முதலில் எழும்பிக் கைதட்டியவன் கிறிஸ்தோப்பர். அதற்குப் பிறகு மைதானமே எழும்பியது. அணித் தலைவர்களுக்கென்று வைத்திருந்த மாலையை எடுத்துக்கொண்டு அவன் மேடைக்கு ஏறி, ஓல்டிங்கின் கழுத்தில் போட்டு, அவருடைய கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் பிடித்தான். மர்கரீத் அழுதுகொண்டிருந்தாள். ஓல்டிங் மடுத்தீனின் பக்கம் குனிந்து, “இந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டியபோதும் அவள் இப்படித்தான் அழுதாள், மார்ட்டின். என்னால் முடியவில்லை” என்று முணுமுணுத்தார். மடுத்தீன் மைக்கைக் கதிரையில் வைத்துவிட்டு இறங்கினான்.

உடைமாற்றும் கொட்டகைக்குப் பின்னால் கிறிஸ்தோப்பர் சிகரெட் பற்றவைத்துக்கொண்டு தனியே நிற்பதை அவன் கண்டான். பதினான்கு வருடத்துக்குப் பிறகு நேரே போய் முன்னால் நின்றான்.

“மச்சான், அது என்ரை கதை.”

“தெரியும்” என்றான் கிறிஸ்தோப்பர்.

மடுத்தீன் அதை எதிர்பார்க்கவில்லை.

“அந்தாள் தொடங்கேக்கையே தெரியும். கை சுட்டதெண்டு சொன்னார். அண்டைக்கு நீ கிணத்தடியிலை வாளித் தண்ணிக்குள்ளை கையை வைச்சுக்கொண்டு நிண்டதை நான் பாத்தனான். ஆருக்குக் கதை விடுறார்?”

“தெரிஞ்சுகொண்டோ மாலை போட்டனீ?”

கிறிஸ்தோப்பர் புகையை விட்டான். அவன் குரலில் கோபம் இருக்கவில்லை, அதுதான் மடுத்தீனுக்கு இன்னும் நொந்தது. “கதை நல்ல கதைதானே. கேக்க எனக்கும் கண் கலங்கிப்போச்சு. ஆனால் அவர் விட்டது ஆரோ வெள்ளைக்காரன்ரை கப். நீ விட்டது எங்கடை கப்.”

“அப்ப என்னைப் பொய் சொல்லச் சொல்லுறியோ? சுவாமியாருக்கு?”

“எனக்காகச் சொல்லியிருக்கலாம்” என்றான் கிறிஸ்தோப்பர். “சுவாமியார் உன்னட்டைக் கேக்கேக்கை நீ என்ரை முகத்தைப் பாத்தனீயோ? பாக்கேல்லை. நான்தான் கோலுக்குள்ளை நிண்டனான். அந்த பெனால்டியை இண்டைக்கும் நான்தான் நித்திரையிலை பிடிச்சுக்கொண்டிருக்கிறன். உனக்கென்ன, உனக்கு மனச்சாட்சி சுத்தம்.”

மடுத்தீன் தலை நிமிராமல் சொன்னான். “புரட்டாதியிலை பிள்ளைக்கு ஞானஸ்நானம். ஞானமலர் உன்னைத்தான் நினைச்சுக்கொண்டிருக்கிறாள்.”

“வரமாட்டன்” என்றான் கிறிஸ்தோப்பர். சிகரெட்டை மிதித்து அணைத்துவிட்டு, ஓல்டிங்கோடு படம் எடுக்க வரிசையில் நின்றவர்களிடம் போனான்.

ஞானமலர் தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு பாதி மைதானம் வந்துவிட்டாள். மேடையில் நடந்தது அவளுக்கு விளங்கியிருந்தது, அழுதிருந்தாள். ஆனால் கொட்டகைப் பக்கம் இரண்டு பேரும் பேசிக்கொண்டு நின்றதை அவள் தூரத்திலிருந்து கண்டிருக்கிறாள். அதனால் அந்த ஈரக் கண்ணுக்குள்ளும் ஒரு வெளிச்சம் இருந்தது.

“வெள்ளைக்காரன் நாசமாய்ப் போகட்டும், விடுங்கோ” என்றாள். “அண்ணை கதைச்சவரெல்லே? என்ன சொன்னவர்? பிள்ளையைப் பற்றிக் கேட்டவரோ? வாறாராமோ?”

மடுத்தீனுக்கு வாய்வரை வந்தது. சொல்லிவிட்டால் என்ன என்று நினைத்தான். இவ்வளவும் பட்ட பிறகு ஒரு சொல், யாருக்கும் கெடுதல் இல்லாத ஒரு சொல். அவளுடைய முகத்தைப் பார்த்தான்.

“இல்லை” என்றான். “வரமாட்டாராம்.”

அவள் குனிந்து குழந்தையின் தொப்பியைச் சரிசெய்தாள். பிறகு வண்டியை மெட்ரோப் பக்கம் திருப்பினாள்.

“வாறார் எண்டு சொல்லியிருக்கலாமே” என்றாள். “வீடு போய்ச் சேருமட்டுமாவது.”